உலகப் புகழ்பெற்ற கட்டடங்களைச் சிறுவர்களுக்கு அறிமுகப்படுத்த எங்கிருந்து தொடங்கலாம்?

வாசிப்புவட்டம் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகக் கோடை விடுமுறையில் ஒரு வாசிப்பு வட்டம் நடத்தி வருகிறோம். இந்த ஆண்டுக்கு உலகின் புகழ்பெற்ற கட்டடங்களையும் நினைவுச் சின்னங்களையும் பொருளாக எடுத்திருக்கிறோம். நூலகத்தில் இருக்கும் பொது அறிவு நூல்களில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு படமும், எந்த நாடு, எத்தனை மீட்டர், எந்த ஆண்டு என்ற மூன்று வரிகளும்தான் கிடைக்கின்றன. பிள்ளைகள் அவற்றை ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுகிறார்கள், அதன்பின் "எல்லாவற்றிலும் எது பெரியது?" என்று ஒருவர் கேட்க, இன்னொருவர் விடை சொல்ல, பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது.

பட்டியலை நீட்டுவதைவிட நான்கைந்து கட்டடங்களை மட்டும் எடுத்துக்கொண்டு சற்று ஆழமாகப் போகலாம் என்று எண்ணுகிறேன். எவற்றை எடுக்கலாம்? ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் தாமாகவே கண்டுபிடித்து மகிழக்கூடியதாக அவற்றில் என்ன இருக்கிறது? மற்றொரு ஐயமும் உண்டு. சீனப் பெருஞ்சுவர் நிலவிலிருந்து தெரியும் என்பதும், பிரமிடுகளைச் சாட்டையடிக்கு அஞ்சிய அடிமைகள் கட்டினார்கள் என்பதும் எங்களிடமுள்ள நூல்களிலேயே அச்சாகியிருக்கின்றன. இவற்றை அப்படியே சொல்லலாமா? எங்களிடம் திரையோ கணினியோ இல்லை. மணல், களிமண், அட்டை, நூல், பசை ஆகியவை வேண்டிய அளவு உள்ளன.

அஸ்திவாரம் எழுதியது:

வணக்கம். நான் கட்டுமானத் துறையில் இருப்பவன் என்பதால் என் விடை ஒரு பக்கமாகச் சாயத்தான் செய்யும். உயரத்தையும் ஆண்டையும் கடைசியில் சொல்லுங்கள். முதலில், அதைக் கட்டியவர்களுக்கு எதிரே நின்ற சிக்கலைப் பிள்ளைகளின் முன் வையுங்கள். அந்த வகையில் இத்தாலியின் பைசா நகரத்துச் சாய்ந்த கோபுரத்துக்கு இணையாக வேறொன்றை என்னால் சொல்ல முடியவில்லை.

1173ஆம் ஆண்டில் ஒரு தேவாலயத்தின் மணிக்கூண்டாக அதன் வேலை தொடங்கியது. அடிமண் மென்மையான களிமண்; அதற்கு ஆழமான அடித்தளமும் போடப்படவில்லை. சில தளங்கள் எழும்பியதும் வேலை நின்றது. பின்னர் ஏறத்தாழ நூறாண்டு யாரும் அதைத் தொடரவில்லை. பலரும் இதைச் சோம்பலின் கதையாகச் சொல்வார்கள். உண்மையில் கோபுரம் பிழைத்ததே அந்த இடைவெளியால்தான். பாரத்தின் கீழ் களிமண்ணிலிருந்த நீர் மெல்ல மெல்ல வெளியேறி, மண் இறுகுவதற்கு அவ்வளவு காலம் தேவைப்பட்டது; நிறுத்தாமல் கட்டியிருந்தால் மண்ணே பெயர்ந்து கோபுரம் விழுந்திருக்கும் என்பது மண்ணியல் பொறியாளர்களின் கணிப்பு. 1272இல் மீண்டும் தொடங்கியவர்கள் சாய்வைக் கண்டு, மேலே கட்டும் தளங்களைச் சற்று எதிர்த்திசையில் திருப்பிக் கட்டினார்கள். அதனால்தான் கோபுரம் நேர்க்கோடாகச் சாயாமல் மெல்லிய வளைவோடு நிற்கிறது. 1370களில் உச்சியில் மணிக்கூடம் வைத்தவர்களும் அதையே செய்தார்கள்; அங்கே, கோபுரம் சாயும் தெற்குப் பக்கம் ஆறு படிகளும் வடக்குப் பக்கம் நான்கு படிகளும் இருக்கின்றன. பிள்ளைகளிடம் முதலில் இந்தப் படிக்கணக்கைச் சொல்லி, ஏன் இரு பக்கமும் சமமாக இல்லை என்று கேளுங்கள். விடையை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

இதன் இரண்டாம் பாதி இன்னும் சுவையானது. 1934இல் அடித்தளத்தில் சிமெண்ட் கலவையைச் செலுத்திச் சரிசெய்யப் பார்த்தார்கள். கோபுரம் மேலும் சாய்ந்தது. 1989இல் அதே நாட்டின் பவியா நகரத்தில் ஒரு பழைய கோபுரம் திடீரென இடிந்து விழவே, 1990 தொடக்கத்தில் பைசா கோபுரத்தையும் மூடிவிட்டார்கள். வடக்குப் பக்கம் நூற்றுக்கணக்கான டன் ஈயக்கட்டிகளை அடுக்கிப் பார்த்தார்கள். இறுதியில் பலன் தந்த வழி மிக எளியது. சாயும் பக்கத்தைத் தூக்கவில்லை. உயர்ந்திருக்கும் பக்கத்துக்கு அடியிலிருந்து சாய்வான குழாய்களின் வழியே சிறிது சிறிதாக மண்ணை எடுத்தார்கள். கோபுரம் தானாகவே பின்னோக்கி அமர்ந்தது. ஏறத்தாழ ஐந்தரை டிகிரியாக இருந்த சாய்வு நான்கு டிகிரி அளவுக்குக் குறைந்தது. உச்சி சுமார் 45 செ.மீ. பின்னுக்கு வந்தது. 2001 டிசம்பரில் மக்களுக்காக மீண்டும் திறந்தார்கள். முழுவதும் நிமிர்த்த அவர்கள் முயலவே இல்லை. ஏன் முயலவில்லை என்பதைப் பிள்ளைகள் விவாதிக்கட்டும்.

செய்முறைக்கு ஒரு தட்டு நிறைய ஈரமணல் போதும். அதன்மேல் ஒரு கோபுரத்தைச் சற்றுச் சாய்வாக நிறுத்தி, உயர்ந்த பக்கத்தின் அடியில் உறிஞ்சுகுழலைச் செருகிச் சிறிது சிறிதாக மணலை எடுக்கச் சொல்லுங்கள்.

சாக்பீஸ் எழுதியது:

வணக்கம் அம்மா. நான் ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியன். அஸ்திவாரம் அவர்கள் சொன்ன வழி நல்லது. ஆனால் எல்லாப் பிள்ளைகளும் மண்ணையும் பாரத்தையும் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். இதற்குப் பணம் யார் கொடுத்தது என்று கேட்கும் பிள்ளையும் வகுப்பில் இருக்கும். அந்தப் பிள்ளைக்கு நியூயார்க் துறைமுகத்தின் சுதந்திர தேவி சிலையைச் சொல்லலாம்.

சிலை பிரெஞ்சு மக்களின் கொடை; அது நிற்கும் பீடத்தை அமெரிக்கர்கள் கட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. சிலை பாதி உருவான நிலையிலேயே அதன் தீப்பந்தம் ஏந்திய கை மட்டும் 1876இல் கடல் கடந்து ஃபிலடெல்ஃபியா கண்காட்சிக்குப் போனது. பார்வையாளர்கள் காசு கொடுத்து அதன்மேல் ஏறிப் பார்த்தார்கள். தலையை 1878இல் பாரிஸில் காட்சிக்கு வைத்தார்கள். ஒரு சிலையின் கை ஒரு நாட்டிலும் தலை வேறொரு நாட்டிலுமாக இருந்தது என்று சொன்னால், பின்வரிசையில் பேசிக்கொண்டிருக்கும் பிள்ளைகளும் நிமிர்ந்து உட்காருவார்கள். பீடத்துக்குப் பணம் போதாமல் வேலை நின்றபோது, 1885இல் ஜோசப் புலிட்சர் என்ற பத்திரிகையாளர் தம்முடைய நாளிதழில், எவ்வளவு சிறிய தொகை கொடுத்தாலும் கொடுத்தவரின் பெயரை அச்சிடுவதாக அறிவித்தார். சில மாதங்களில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. கொடுத்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர். அவர்களில் பெரும்பாலோர் ஒரு டாலருக்கும் குறைவாகவே கொடுத்திருந்தார்கள். சேமித்த சில்லறையை அனுப்பிய சிறுவர்களும் அவர்களில் உண்டு. அதே ஆண்டு 350 துண்டுகளாகப் பிரிக்கப்பட்ட சிலை, 214 பெட்டிகளில் கப்பலேறி வந்து சேர்ந்தது. 1886 அக்டோபரில் திறப்பு விழா நடந்தது.

அடுத்து, சிலையின் பச்சை நிறம். வெறுமனே படத்தைக் காட்டி, இதற்கு என்ன வண்ணம் அடித்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். எல்லோரும் பச்சை என்பார்கள். அது சுமார் இரண்டரை மில்லிமீட்டர் தடிமனுள்ள செம்புத் தகடு; திறந்த நாளில் செம்பு நிறத்தில்தான் மின்னியது. வீட்டில் துலக்காமல் விட்ட செம்புப் பாத்திரத்தில் பச்சையாகக் களிம்பு ஏறுவதைப் பார்த்த பிள்ளை ஒன்றாவது வட்டத்தில் இருக்கும். அப்பிள்ளையே விடை சொல்லிவிடும். 1906 வாக்கில் சிலைக்கு வண்ணம் பூசிவிடலாம் என்று அதிகாரிகள் எண்ணியபோது மக்கள் எதிர்த்ததால் அது கைவிடப்பட்டது. அந்தப் பச்சைப் படலம் அடியிலுள்ள செம்பை மேலும் அரிக்கவிடாமல் காக்கிறது. இங்கேயும் செய்முறை உண்டு. பழைய செம்புக் குவளை ஒன்றைக் கொண்டுபோய், பாதியைப் புளி போட்டுத் தேய்த்து, மறுபாதியை அப்படியே விட்டுக் காட்டுங்கள். அன்றைய சிலையும் இன்றைய சிலையும் ஒரே குவளையில் தெரியும்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

உங்கள் இரண்டாவது ஐயத்துக்கு மட்டும் விடை எழுதுகிறேன். இரண்டையும் அப்படியே சொல்ல வேண்டாம். சொல்லாமல் விட்டுவிடவும் வேண்டாம். "இப்படி அச்சாகியிருக்கிறதே, இது சரியா என்று எப்படிச் சோதிப்பது?" என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். அச்சில் வந்ததைக் கேள்வி கேட்கலாம் என்பதை நூலகத்திலேயே ஒரு பிள்ளை கற்றுக்கொள்வது நல்லதுதானே.

பெருஞ்சுவர் மிக நீளமானது என்பதில் ஐயமில்லை. பல அரசமரபுகள் வெவ்வேறு காலங்களில் எழுப்பிய எல்லாப் பகுதிகளையும் சேர்த்து 21,196 கி.மீ. என்று சீன அரசு 2012இல் அறிவித்தது. ஆனால் தொலைவிலிருந்து ஒன்று கண்ணுக்குத் தெரிவதற்கு நீளம் மட்டும் போதாது, அகலமும் வேண்டும். சுவரின் அகலம் பல இடங்களில் ஐந்து மீட்டர் அளவுதான். நிறமும் சுற்றியுள்ள மலைமண்ணின் நிறத்தை ஒத்தது. நிலவு ஏறத்தாழ 3,84,000 கி.மீ. தொலைவில் இருக்கிறது. அங்கிருந்து இந்தச் சுவரைப் பார்ப்பது, ஒரு தலைமுடியை ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் நின்று பார்ப்பதற்கு ஒப்பாகும். மனிதன் விண்வெளிக்குச் செல்வதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கூற்று அச்சில் உலவியது என்பதையும் சொல்லுங்கள். யாரும் போய்ப் பார்க்காமலேயே எழுதப்பட்ட செய்தி அது. 2003இல் சீனாவின் முதல் விண்வெளி வீரர் யாங் லிவெய், நிலவைவிடப் பன்மடங்கு அருகிலிருந்த தம் சுற்றுப்பாதையிலிருந்து பார்த்தும் சுவர் தம் கண்ணுக்குத் தெரியவில்லை என்று சொன்னார். பொய்யை எடுத்துவிட்டால் சுவை குறைந்துவிடுமோ என்ற கவலை வேண்டாம். மிங் என்ற அரசமரபின் காலத்துப் பகுதிகளில் செங்கற்களை இணைத்த சுண்ணாம்புச் சாந்தில் பசையரிசிக் கஞ்சியைக் கலந்திருக்கிறார்கள். நம் பக்கத்துப் பழைய கட்டடங்களில் சாந்தோடு கடுக்காய்நீரும் வெல்லமும் சேர்த்ததை அறிந்த பெரியவர் யாரேனும் ஊரில் இருந்தால், அன்றைக்கு அவரையும் வட்டத்துக்கு அழைக்கலாம்.

பிரமிடுக்கு வருகிறேன். எகிப்தின் கீசாவிலுள்ள பெரிய பிரமிடு கூஃபு என்ற மன்னருக்காகச் சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன் எழுந்தது. 2013இல் செங்கடல் கரையிலுள்ள வாதி அல்-ஜார்ஃப் என்ற இடத்தில் பியர் தலே என்ற தொல்லியலாளரின் குழு பாப்பிரஸ் என்ற நாணல் தாளாலான சில சுருள்களைக் கண்டெடுத்தது. எழுத்துள்ள பாப்பிரஸ்களில் இதுவரை கிடைத்தவற்றுள் மிகப் பழையவை அவை. மெரெர் என்ற மேற்பார்வையாளர் எழுதிவைத்த நாட்குறிப்பு அவற்றில் ஒன்று. தன் குழுவினரோடு தூரா சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கல்லேற்றி, நைல் வழியாகப் படகில் கீசாவுக்குக் கொண்டுசேர்த்து, மீண்டும் கல்லுக்காகத் திரும்பிய பயணங்களை அவர் நாள்வாரியாகப் பதிந்திருக்கிறார். பிரமிடு எழுப்பப்பட்ட காலத்தில் அதற்காக வேலை செய்தவர் ஒருவர் எழுதிவைத்தது நம் கைக்கு வந்திருக்கிறது என்பதைவிட ஒரு பிள்ளைக்கு வேறென்ன வியப்பு வேண்டும்? 1990இல் பிரமிடுகளுக்கு அருகே ஒரு குதிரையின் கால் மண்செங்கல் சுவரொன்றில் இடறியதால் தொழிலாளர்களின் கல்லறைகள் வெளிப்பட்டன. மன்னரின் கல்லறைக்கு அவ்வளவு அருகில் மரியாதையோடு புதைக்கப்பட்டவர்கள் அடிமைகளாக இருந்திருக்க முடியாது என்று ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். முறிந்து மீண்டும் சேர்ந்த எலும்புகள், அவர்களுக்கு மருத்துவம் பார்க்கப்பட்டதைக் காட்டுகின்றன. வேலை கடுமையானது என்பதற்கும் அதே எலும்புகளே சான்று. ஆகவே "மகிழ்ச்சியாகக் கட்டினார்கள்" என்று மறுபக்கம் போய்விட வேண்டாம்.

அஸ்திவாரம் அவர்களோடு சிறு கருத்து வேறுபாடும் உண்டு. சிக்கலிலிருந்து தொடங்குவது சரி. ஆனால் கட்டடத்தைப் பொறியியல் புதிராக மட்டும் காட்டினால் மெரெர் போன்றவர்கள் காணாமல் போய்விடுவார்கள்.

வாசிப்புவட்டம் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பைசா, சுதந்திர தேவி, பிரமிடு, பெருஞ்சுவர் என நான்கு உறுதியாகிவிட்டன. மெரெரின் நாட்குறிப்பைப் போல, ஒரு நாள் கல் கொண்டுவந்த கதையைப் பிள்ளைகளையே எழுதச் சொல்லலாம் என்று தோன்றுகிறது. எல்லாமே பழையவையாகவும் கல்லும் செம்புமாகவும் இருக்கின்றன. சற்று அண்மைக் காலத்துக் கட்டடம் ஒன்றும் வேண்டும். ஈஃபில் கோபுரத்தைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள்; சிட்னி இசை அரங்கையும் சொல்கிறார்கள். எதை எடுக்கலாம்? அஸ்திவாரம் அவர்களே, மணலில் நிறுத்தும் கோபுரம் எந்த எடையில் இருக்க வேண்டும், மணலை எவ்வளவு வேகத்தில் எடுக்க வேண்டும் என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

கோட்டுப்படம் எழுதியது:

கட்டடக்கலை பயின்றவள் என்ற முறையில் என் வாக்கு சிட்னிக்குத்தான். ஈஃபில் கோபுரத்துக்கும் நல்ல கதை உண்டு. 1889 உலகக் கண்காட்சிக்காக 18,038 இரும்புத் துண்டுகளை இணைத்து ஏறத்தாழ இரண்டே ஆண்டுகளில் எழுப்பிய அதற்கு, இருபது ஆண்டுகள் மட்டுமே நிற்க அனுமதி இருந்தது. கம்பியில்லாத் தந்திக்கு உயரமான இடம் தேவைப்பட்டதால்தான் அது பிரிக்கப்படாமல் தப்பியது. கோடை வெயிலில் இரும்பு விரிவடைந்து கோபுரம் 15 செ.மீ. அளவுக்கு வளர்வதையும் சொல்லலாம். ஆனால் பிள்ளைகள் அதன் படத்தை முன்பே ஆயிரம் இடங்களில் பார்த்திருப்பார்கள்.

சிட்னியில் கைக்கு வேலை இருக்கிறது. 1957இல் முடிவு அறிவிக்கப்பட்ட வடிவமைப்புப் போட்டிக்கு 233 வரைபடங்கள் வந்தன. வென்றவர் யோர்ன் உட்சன் என்ற டென்மார்க் நாட்டுக் கட்டடக்கலைஞர். பாய்மரங்கள் விரிந்ததுபோன்ற அந்தக் கூரைகளை வரைவது எளிதாக இருந்தது; கட்டுவதற்குத்தான் யாருக்கும் வழி தெரியவில்லை. ஒவ்வொரு கூரையும் ஒவ்வொரு வளைவில் இருந்ததால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அச்சு செய்ய வேண்டியிருந்தது, செலவு கட்டுக்கடங்காது. பொறியாளர்கள் பல ஆண்டுகள் பலவிதமான வளைவுகளை முயன்ற பிறகு, எல்லாக் கூரைகளையும் ஒரே கோளத்தின் பரப்பிலிருந்து வெட்டியெடுத்த துண்டுகளாக அமைத்துவிடலாம் என்ற தீர்வு 1961இல் பிறந்தது. கோளம் ஒன்றாகிவிட்டால் வளைவும் எங்கும் ஒன்றுதான். ஒரே அச்சில் பல பாகங்களை வார்க்கலாம், கூரையின்மேல் பதிக்கும் பீங்கான் ஓடுகளையும் ஒரே அளவையாகத் திட்டமிடலாம். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஓடுகள் அப்படித்தான் பதிக்கப்பட்டன.

ஆளுக்கு ஒரு கமலாப்பழம் கொடுங்கள். தோலைக் கிழியாமல் பெரிய முக்கோணத் துண்டுகளாக உரித்து, அவற்றை ஒரு தட்டில் செங்குத்தாக நிறுத்தி அரங்கின் கூரையை அமைக்கச் சொல்லுங்கள். துண்டுகள் சிறிதும் பெரிதுமாக இருந்தாலும் எல்லாவற்றின் வளைவும் ஒன்றாக இருப்பதை விரலால் தடவியே அறிவார்கள். அதற்குப் பிறகு படத்தைக் காட்டுங்கள், முன்னால் வேண்டாம்.

உட்சனின் கதையையும் மறைக்க வேண்டியதில்லை. 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்று மதிப்பிட்ட வேலை 10.2 கோடியில் முடிந்தது. அரசோடு ஏற்பட்ட பிணக்கால் அவர் 1966இல் விலகி நாடு திரும்பினார். 1973இல் அரங்கம் திறக்கப்பட்டது. 2008இல் இறக்கும்வரை, முடிந்த கட்டடத்தை அவர் நேரில் பார்க்கவே இல்லை. இது நியாயமா என்று பத்து வயதுப் பிள்ளைகளிடம் கேட்டால் பெரியவர்களைவிடத் தெளிவாகப் பேசுவார்கள் என்பது என் அனுபவம். அரசின் பக்கமும் ஒரு பிள்ளை வாதாடும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பத்து மடங்குக்கு மேல் செலவு ஏறினால் கேள்வி கேட்பதும் அவர்கள் கடமைதான்.

அஸ்திவாரம் எழுதியது:

ஏட்டுச்சுவடி அவர்களின் கருத்தை ஏற்கிறேன். பைசாவிலும் மனிதர்கள் உண்டு. தம் ஆயுளுக்குள் முடியாது என்று தெரிந்தே கல் செதுக்கியவர்கள் அவர்கள்.

கோபுரத்துக்கு, மணல் நிரப்பிய சிறிய தகர டப்பா ஒன்று போதும். டப்பாவின் உயரம் அதன் அகலத்தைப் போல மூன்று மடங்குக்கு மிகாமல் இருக்கட்டும். மணல் கைப்பிடியில் உருண்டையாக நிற்கும் அளவுக்கு ஈரமாக இருக்க வேண்டும். மிகவும் நனைந்திருந்தால் குழல் எடுத்த துளை உடனே மூடிக்கொண்டு பலன் தெரியாது. குழலை ஒரே இடத்தில் செருகாமல் உயர்ந்த பக்கத்தின் விளிம்பு நெடுக இடம் மாற்றி மாற்றிச் செருகி, ஒவ்வொரு முறையும் ஓரங்குல மணலுக்கு மேல் எடுக்காமல், கோபுரம் அமர்ந்து நிற்கும்வரை காத்திருந்து அடுத்ததை எடுக்கச் சொல்லுங்கள். பைசாவிலும் அப்படித்தான் நாளுக்குச் சில லிட்டர்களாக எடுத்து, ஒவ்வொரு நாளும் சாய்வை அளந்த பிறகே அடுத்த நாளைக்கு எவ்வளவு என்று முடிவு செய்தார்கள். அளப்பதற்கு டப்பாவின் உச்சியில் நூலில் ஒரு சிறு கல்லைத் தூக்குக்குண்டாகக் கட்டி, அது தொடும் இடத்தை மணலில் குச்சியால் குறித்துவரலாம். ஒரு பிள்ளை மணலெடுக்க, ஒரு பிள்ளை அளக்க, ஒரு பிள்ளை எழுதிவைக்கட்டும்.

ஒன்றை மட்டும் தவறவிட வேண்டாம். மண்ணெடுக்கத் தொடங்கும் முன்பே, ஏதேனும் பிசகினால் தாங்கிப் பிடிப்பதற்காகக் கோபுரத்தின் இடுப்பில் எஃகு வடங்களைக் கட்டி வடக்கே இழுத்து வைத்திருந்தார்கள். டப்பாவைச் சுற்றியும் ஒரு நூலைக் கட்டி, தளர்வாக ஒரு பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டே முதல் குழலைச் செருகுங்கள்.